எங்கள் வாசல் பூதத்துக்கு மூக்குக்கண்ணாடி போட்டது யார்?

1

நாங்கள் மதுரையிலிருந்து மலாய் நாட்டுக் கிள்ளானுக்குக் குடிவந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த அன்று, காலையில் பால் பொங்குமுன் என் வீட்டுக்காரர் பொங்கிவிட்டார்.

"விஜி! இங்க வா! இவனுக்கு யாரோ கண்ணாடி போட்டு விட்டிருக்காங்க!"

என் வீட்டுக்காரர் சபாபதி ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். பகலெல்லாம் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, உப்பு கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். நான் கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன்.

'இவன்' என்றது எங்கள் கேட் தூணில் மாட்டியிருக்கும் திருஷ்டி பூதத்தை. போன தடவை ஊருக்குப் போனபோது கீழமாசி வீதியில் வாங்கியது. ஃபைபரில் செய்த சிவப்பு முகம், பிதுங்கி நிற்கும் கண்கள், இரண்டு பக்கமும் கோரைப்பல், தாடையைத் தாண்டித் தொங்கும் நாக்கு. விமான நிலையத்தில் எங்கள் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி இதைப் பார்த்ததும் வேறு எதையும் கிளறாமல் மூடித் தந்துவிட்டார். அப்படிப்பட்ட பூதம் இப்போது மார்க்கர் பேனாவில் வரைந்த வட்டமான கறுப்புக் கண்ணாடி அணிந்து, வங்கி மேனேஜர் மாதிரி எங்களைப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் மகள் நிலா அடக்கவில்லை. பள்ளிக்குக் கிளம்பியவள் பையோடு நின்று கைபேசியில் நாலு படம் எடுத்தாள்.

"அப்பா, ச்சொமெல்லா இருக்கு லா!"

ச்சொமெல் என்றால் மலாயில் அழகுக் குட்டி என்று அர்த்தம். பூதத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னதைவிட, அவள் அப்பாவுக்கு அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது அவரை அதிகம் சுட்டது. நாலு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினாறு. "சாப்பாட்டை பங்குஸ் பண்ணிட்டியாம்மா?" என்றுதான் கேட்பாள். கட்டித் தந்தாயா என்று பொருள். மதுரைக்குப் போனால், "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று ரகசியமாகக் கேட்பாள்.

அவள் போனதும் சபாபதி குரலை இறக்கினார். அவர் குரலை இறக்கினால்தான் எனக்குப் பயம்.

"பன்னெண்டு வருஷம் இருந்தாச்சு. போதும், கெளம்புங்கன்னு யாரோ சொல்றாங்க விஜி. இது அதுக்குத்தான்."

அவருடைய வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று கம்பெனியில் கேட்டிருந்தார்கள். ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். நிலாவுக்கு வேறு ஊரே தெரியாது. இதை முடிவு செய்யப்போவது ஒரு மார்க்கர் பேனாக் கிறுக்கலா?

2

தின்னரில் துணியை நனைத்துக் கண்ணாடியை அழித்துவிட்டு, முதல் குற்றவாளியைப் பிடிக்கப் புறப்பட்டார் சபாபதி.

அடுத்த வீட்டு சிற்றம்பலம் அங்கிள் யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிவிட்ட குடும்பம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பார். எங்கள் முருங்கை இலை அவர் வீட்டுக் கால்வாயில் கொட்டுகிறது என்று ஒரு தகராறு. அதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"அங்கிள், எங்க வாசல்ல யாரோ கண்ணாடி வரைஞ்சிருக்காங்க."

"அதுக்கு?"

"நீங்க போட்டிருக்கிற அதே ஃப்ரேம்."

அங்கிள் தன் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தம்பி, எனக்கு வேற வேலை இல்லையோ? நான் கீறுறதெண்டா இன்னும் வடிவாக் கீறியிருப்பன்."

இதுவே ஒப்புதல் வாக்குமூலம் என்று வீட்டுக்குள் வந்து அடித்துச் சொன்னார் சபாபதி. வரையவில்லை என்று அவர் சொல்லவில்லையாம்.

அடுத்த வாரம் கோரைப்பற்கள் காணாமல் போயின. எழுத்துப் பிழை திருத்தும் வெள்ளை மையால் யாரோ வாய் முழுக்க வரிசையாகப் பல் வைத்திருந்தார்கள். பற்பசை விளம்பரம் மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. கண்ணாடியும் திரும்ப வந்திருந்தது.

3

எங்கள் மதுரைத் தெருவில் வாசலுக்குக் கேமரா என்ற பேச்சே எழுந்ததில்லை. எதிர்வீட்டில் பங்கஜம் மாமி இருந்தார். இரட்டைச் சடையில் ஒன்றை முன்னால் போட்டுக்கொண்டு கல்லூரியிலிருந்து வந்தால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். யார் வீட்டு கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பதுவரை மாமிக்குத் தெரியும். அவர் பகலில் தூங்கிக்கூட நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு எரிச்சல். இந்த ஊரில் வரிசை வீடுகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் சாத்தியே கிடக்கும். எதிர்வீட்டு லிம் ஆன்டியை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். தெரியும் என்றால், கை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். "பசியாறியாச்சா?" என்று இந்த ஊர்த் தமிழர்களிடம் கற்ற பாணியில் மலாயில் கேட்பேன். "ஆச்சு, ஆச்சு" என்பார். அவ்வளவுதான். பூதத்தை மாட்டிய புதிதில் அவர் தன் கதவுக்கு மேல் எட்டு மூலைக் கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டார். அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன். ஆன்டி ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

பல் வைத்த அன்று சபாபதி போலீஸ் நிலையத்துக்குப் போனார். நானும் போனேன், அவர் சத்தத்தைத் தணிக்க.

அவருடைய மலாய் தொழிற்சாலையில் கற்றது. 'ஸ்குரூவை இறுக்கு', 'எண்ணெய் ஒழுகுது' வரைக்கும் பிரமாதமாக ஓடும். முகத்துக்கு மலாயில் 'மூக்கா' என்பார்கள். நம் முகத்தோடு அது ஒத்துப்போவதில் அவருக்கு ஒரு தெம்பு. பொம்மை என்பதற்குச் சொல் தெரியவில்லை. தெரியாததை விட்டுவிட்டு, தெரிந்ததை உரக்கச் சொன்னார்.

"ஐயா, யாரோ என் முகத்தில் கிறுக்கிவிட்டார்கள். இரண்டாவது முறை."

இளம் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இப்போது கழுவிவிட்டீர்களா?"

"முதல் தடவை தின்னர் போட்டுத் துடைத்தேன்."

"தின்னரா! எரியவில்லையா?"

"கொஞ்சம் சாயம் போய்விட்டது. இந்தத் தடவை பல்லும் வைத்திருக்கிறார்கள்."

அதிகாரி மரியாதையோடு அவர் வாயைப் பார்த்தார். "நீங்கள் தூங்கும்போது செய்தார்களா?"

"எப்போது என்று தெரியாது. நான் வேலைக்குப் போயிருந்தேன். முகம் வீட்டில் இருந்தது."

இதற்கு மேல் தாங்காது என்று நான் கைபேசியில் பூதத்தின் படத்தைக் காட்டினேன். அதிகாரி நீண்ட நேரம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. புகாரை ஒழுங்காகப் பதிந்துகொண்டு, அன்பாக ஒன்று சொன்னார்: "ஒரு கேமரா வைத்துவிடுங்கள், ஐயா."

4

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேமராவைத் தவிர வேறு பேச்சு இல்லை. சாப்பிடும்போது கோணம், படுக்கும்போது மெகாபிக்சல். பேட்டரி வைத்ததா, ஒயர் இழுத்ததா. மழையில் நனைந்தால் தாங்குமா. இடி மின்னலுக்குப் பேர்போன இந்த ஊரில் ஒயர் இழுத்தால் வீடே போய்விடும் என்று ஒரு வாரம். பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை ஏணி ஏற வேண்டும் என்று அடுத்த வாரம்.

முதலில் இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினார். விளக்கக் குறிப்பு முழுக்கச் சீன மொழி. மாட்டியதும் அது ஒரு பெண் குரலில் ஏதோ சொன்னது. ஒவ்வொரு முறை நாங்கள் கேட்டைத் திறக்கும்போதும் அதையே, கொஞ்சம் கோபமாக, சொன்னது. ஆள் வந்தால் கைபேசிக்குத் தகவல் வரும் என்றார்கள். எங்கள் வாழை மரம் அசையும்போதெல்லாம் 'மனிதர்' என்று வந்தது. தபால்காரர் வந்தபோது ஒன்றும் வரவில்லை.

அந்தக் கேமராவின் கண்ணுக்கு முன்னாலேயே பூதத்துக்கு இரண்டு கன்னத்திலும் ரோஜா நிறம் பூசப்பட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தோம். வாழை இலை ஆடியது. பூனை ஒன்று வந்து உட்கார்ந்து தன் காலை நக்கியது. பிறகும் நக்கியது. சபாபதி முழுவதையும் பார்த்தார்.

"நாளைக்கே பிரிக்பீல்ட்ஸ் போறோம். நல்லதா வாங்குறோம்."

தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு மின்சாதனக் கடை. முதலாளி முகுந்தன் இந்த ஊரில் பிறந்தவர். தொப்பை குலுங்கப் பேசுவார்.

"பாஸ், ஒங்களுக்கு என்னா பிரச்சன? திருட்டா?"

"இல்ல. எங்க வீட்டுப் பொம்மைக்கு யாரோ மேக்கப் போடுறாங்க."

முகுந்தன் வியாபாரி அல்லவா, சிரிக்கவில்லை.

"அதுக்கும் இருக்கு பாஸ். இத பாருங்க. மனுசன், பூனை, லோரி எல்லாத்தயும் தனித்தனியா கண்டுபுடிக்கும். நீங்க வேணா முன்னால நில்லுங்க."

சபாபதி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். திரையில் 'மிருகம்' என்று வந்தது.

"மீச பாஸ், மீச. செட்டிங் பண்ணிக்கலாம் லா" என்று முகுந்தன் அவசரமாக அதை அணைத்தார். அடுத்தது, சும்மா சிவப்பு விளக்கு மட்டும் எரியும் போலிக் கேமரா. "இதுல ஒண்ணும் பதிவாகாது. ஆனா பாக்குறவன் பயப்படுவான்." ஏற்கெனவே பயமுறுத்தும் ஒன்று வைத்திருக்கிறோம், அதனால்தான் இங்கே வந்திருக்கிறோம் என்றேன்.

கடைசியில் ஒரு சின்னக் கேமரா. சூரிய ஒளியில் ஓடும். பார்ப்பதற்கு வாசல் விளக்கு மாதிரியே இருக்கும். எங்கிருந்தாலும் கைபேசியில் பார்க்கலாம், பார்ப்பதோடு பேசவும் செய்யலாம்.

"நீங்க ஜொகூர்ல இருந்து பேசுனாலும் வாசல்ல கேக்கும் பாஸ். தெளிவா, சத்தமா."

'சத்தமா' என்ற சொல்லில் சபாபதி விழுந்துவிட்டார். அன்று மாலையே அதைப் பூதத்தின் தலைக்கு மேல் பொருத்தினார்.

5

அடுத்த சனிக்கிழமை மறுபடி பிரிக்பீல்ட்ஸ். கோயிலுக்குப் போய்விட்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரசம் ஊற்றுபவர் எங்கள் மேசைக்கு வந்த நேரத்தில் சபாபதியின் கைபேசி துடித்தது. 'மனிதர்.'

இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

எங்கள் கேட்டுக்கு முன்னால் லிம் ஆன்டி. பூப்போட்ட சட்டை, அதே துணியில் கால்சட்டை. ஒரு கையில் பிளாஸ்டிக் முக்காலி. மறுகையில் புகையும் மூன்று ஊதுபத்திகள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். முக்காலியை வைத்தார். பூதத்துக்கு முன்னால் நின்று ஊதுபத்தியை நெற்றிவரை உயர்த்தி மூன்று முறை குனிந்து கும்பிட்டார். ஊதுபத்தியை எங்கள் துளசித் தொட்டியில் செருகினார். அதன் பிறகு முக்காலியில் ஏறி, பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றினார்.

நான் "இருங்க" என்பதற்குள் சபாபதி பேசும் பொத்தானை அழுத்திவிட்டார்.

"ஏய்! யாரது? கைய எடு!"

கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. ரசக்காரர் கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டார். கைபேசியில், ஆன்டி முக்காலியிலிருந்து இறங்கி அப்படியே நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மெதுவாக நிமிர்ந்து பூதத்தைப் பார்த்தார்.

பிறகு இரண்டு கையையும் சேர்த்தார்.

"டத்தோ, மன்னிச்சிடுங்க."

அவர் பேசியது மலாய். தமிழில் தருகிறேன். இந்த ஊர்ச் சீனர்கள் மண்ணைக் காக்கும் தெய்வத்தை 'டத்தோ' என்றுதான் அழைப்பார்கள். அவரிடம் மலாயில்தான் பேசுவார்கள். ஆன்டி பேசிக்கொண்டே போனார்.

"டத்தோ, நான் கெட்டது நினைக்கல. காலையில கதவத் திறந்தா நீங்க என்னையே முறைக்கிறீங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு. அடுத்தவங்க சாமியக் கழட்டச் சொன்னா பாவம் இல்லையா? உங்க பார்வையத் திருப்ப என் கதவுக்கு மேல கண்ணாடி மாட்டிப் பாத்தேன், நீங்க அசையல. அதான் கொஞ்சம் சிரிச்ச முகமா ஆக்கினேன். ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால சம்மதம்னு நினைச்சேன்."

சபாபதி கைபேசியை என் பக்கம் தள்ளினார்.

"ஏதாவது சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன். "பாவம், நடுங்குறாங்க."

அவர் தொண்டையைச் செருமினார். அது வாசலில் இடி மாதிரி கேட்டிருக்க வேண்டும். ஆன்டி இன்னும் குனிந்தார்.

"தாக் அப்பா, ஆன்டி" என்றார் சபாபதி. பரவாயில்லை என்பதற்கு மலாய். "பாகுஸ். ரொம்ப பாகுஸ்." நன்றாக இருக்கிறது என்று.

ஆன்டியின் முகம் விரிந்தது. "அப்ப, காதுகிட்ட ஒரு பூ வரையலாமா டத்தோ?"

சபாபதி என்னைப் பார்த்தார். ரசக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்து மேசைக்காரர்களும் ஆட்டினார்கள்.

"போலே" என்று அனுமதி கொடுத்தார் சபாபதி.

ஆன்டி வரையவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தார். கொஞ்சம் தயங்கி, கிட்டே வந்தார்.

"டத்தோ, பேசுறீங்கன்னா ஒண்ணு கேக்குறேன். என் மகன் சிங்கப்பூர்ல இருக்கான். நல்ல பையன். ஆனா போனே பண்றதில்ல. நான் பண்ணினா 'வேலையா இருக்கேன் மா'ங்குறான். நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்."

சபாபதி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். மதுரையில் தனியாக இருக்கும் என் மாமியார் நினைவுக்கு வந்தார் எனக்கு. சபாபதியின் நினைவுக்கும் வந்திருப்பார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டோம்.

6

கிள்ளான் போய்ச் சேர்ந்ததும் சபாபதி நேராக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

"ஆன்டி, சாமி பேசல. நான்தான் பேசினேன். அது கேமரா. அந்த முகமும் சாமி இல்ல, சும்மா திருஷ்டிக்கு வச்சது. மன்னிச்சிடுங்க. இப்பவே கழட்டிடுறேன்."

ஆன்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"என் உயிரே போச்சு! நீதானா அது? கழட்டாதே லா. இவ்ளோ வேல செஞ்சிருக்கேன்!"

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அப்ப... மகனப் பத்திச் சொன்னதும் கேட்டியா?"

"கேட்டேன் ஆன்டி."

"சரி. யாராவது கேட்டா நல்லதுதான்."

சபாபதி அங்கிருந்து சிற்றம்பலம் அங்கிள் வீட்டுக்குப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்த அங்கிள், "சரி தம்பி. அந்தக் கேமராவில என்ரை கால்வாய் தெரியுமோ?" என்று கேட்டார். கேமரா அரை அங்குலம் திருப்பப்பட்டது. முருங்கையும் கொஞ்சம் வெட்டப்பட்டது.

அன்று மாலை சபாபதி தன் அம்மாவுக்குப் போன் போட்டு வெகுநேரம் பேசினார். திங்கட்கிழமை கம்பெனியில் போய் இன்னும் மூன்று வருடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒயர், பேட்டரி என்று ஏதாவது சொல்லியிருப்பார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஆன்டி மறுபடி ஊதுபத்தியோடு வாசலில் நிற்கிறார்.

"ஆன்டி, அது என் வீட்டுக்காரர்னு சொன்னோமே!"

"தெரியும் லா, விஜி." மூன்று முறையும் குனிந்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஆனா அன்னைக்குச் சாயந்தரமே என் மகன் போன் பண்ணிட்டான். தானா. அர மணி நேரம் பேசினான்."

இதை நான் சபாபதியிடம் சொன்னபோது அவர் கண்ணாடி முன் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

விஷயம் ஆன்டியோடு காலை உடற்பயிற்சிக்குப் போகும் பெண்களுக்கும் பரவியது. உள்ளே இருப்பது ஓர் எஞ்சினியர் என்று ஆன்டி அவர்களிடம் ஒளிக்கவில்லை. அதனால் என்ன, பதில் சொல்கிறார் அல்லவா என்றார்களாம். இப்போது கைபேசியில் 'மனிதர்' என்று வந்தால் அநேகமாக ஒரு வயதான பெண்மணி நிற்பார். ஒருவருக்கு மருமகளோடு பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் வளர்த்த பூனையைக் காணவில்லை. சாயந்தரம் சபாபதி வேலையிலிருந்து வந்ததும் நிலா புத்தகப் பையை எறிந்துவிட்டு, "அப்பா, இன்னிக்கு யார் வந்தா?" என்று தமிழில் கேட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். தொழிற்சாலை மலாயில் அகப்படாத சொற்களை அவருக்கு எடுத்துக்கொடுக்கிறாள்.

போன வாரம் நான் அவருக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஷா ஆலம் போயிருந்தேன். தொழிற்சாலைக்கு வெளியே நிழலில் நின்றோம். கைபேசி துடித்தது. திரையில் நாங்கள் பார்த்தே இராத ஓர் அம்மாள், பனாமா தொப்பி, கைத்தடி. அத்தனை தூரம் செராஸிலிருந்து வந்திருக்கிறாராம். முழங்கால் வலி தாங்கவில்லை, படி ஏற முடியவில்லை என்று நெடுநேரம் சொன்னார். சபாபதி குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் ஏதோ இயந்திரம் அலறியது. அவர் ஒரு கையால் கைபேசியைப் பொத்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, நான் இதுவரை கேட்டிராத அளவு மெல்லிய குரலில் பதில் சொன்னார்:

"தாக் அப்பா, ஆன்டி. எல்லாம் சரியாயிடும். ஆனா முதல்ல டாக்டர்கிட்ட போங்க."